கொலோனோஸ்கோபி: பாதிப் பரிசோதனை வீட்டுக் கழிப்பறையில் நடக்கிறது

கொலோனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. அதற்குத் தேதி வாங்கியவர்களின் பயமெல்லாம் அந்தக் குழாய் மேலேயே இருக்கும். எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், வலிக்குமா, மயக்கம் கொடுப்பார்களா? கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் குழாய் உள்ளே இருக்கும் அரை மணி நேரம் பெரும்பாலோருக்கு நினைவில்கூட நிற்பதில்லை. சிரமமெல்லாம் முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி மறுநாள் விடியற்காலை வரைதான். பரிசோதனையால் பலன் உண்டா என்பதும் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பல நாட்டு ஆய்வுகளில், நாலில் ஒருவர் வரை குடல் சரியாகச் சுத்தமாகாமலே மேஜைக்கு வந்திருக்கிறார்கள். அப்படி வந்தால் சின்னக் கட்டிகள் கண்ணில் படாமல் போகும், அல்லது பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். பட்டினி, லீவு, செலவு எல்லாம் இன்னொரு தடவை.

மருத்துவமனையில் கொடுக்கும் அச்சுத் தாளில் என்ன செய்யவேண்டும் என்று இருக்கும், ஏன் என்று இருக்காது. காரணம் தெரியாதவர் தனக்கு வசதிப்படாத ஒரு படியைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார். அநேகமாக அதுவே முக்கியமான படியாக இருக்கும்.

உள்ளே எதைத் தேடுகிறார்கள்

மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, வாரக்கணக்கில் நிற்காத பேதி, திடீரென்று மாறிப்போன மலம் கழிக்கும் வழக்கம், எடை குறைவு: இந்த அறிகுறிகளுக்காகத்தான் நம் ஊரில் பெரும்பாலும் இந்தப் பரிசோதனையை எழுதுகிறார்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் காசநோய் வருவது இங்கே அபூர்வம் இல்லை. அந்தச் சந்தேகத்துக்கும் இதுதான் வழி. ரத்தம் போனால் "மூலம்தான்" என்று தானே முடிவுசெய்து, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசி வருடத்தை ஓட்டுபவர்கள் ஏராளம். மூலம் இருக்கிறது என்பதால் மேலே வேறொன்று இல்லை என்று ஆகிவிடாது.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களையும் குறிப்பிட்ட வயதில் கூப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 2021இல் அந்த வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். பிரிட்டனில் முதலில் மலத்தை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்த்து, இருப்பவருக்கு மட்டும் குழாய். இந்திய அரசின் புற்றுநோய் கண்டறியும் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கிறது. பெருங்குடல் அதில் இல்லை. ஆகவே குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதை நாமேதான் கவனிக்கவேண்டும். பெற்றோர், உடன்பிறந்தவர் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்று வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருடம் முன்பு, இரண்டில் எது முந்தியோ அப்போது தொடங்கச் சொல்கிறார்கள்.

தேடும் பொருளின் பெயர் பாலிப். குடலின் உள்சவ்வில் முளைக்கும் சதைத் துணுக்கு. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆனால் பெருங்குடல் புற்றில் பெரும்பகுதி பாலிப்பில்தான் தொடங்குகிறது, அந்த மாற்றத்துக்குச் சுமார் 10 வருடம் பிடிக்கிறது. இடையில் எடுத்துவிட்டால் அதோடு தீர்ந்தது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கை அனுப்பிப் பாலிப்பை வெட்டி எடுத்தார்கள். அதுவரை அதற்கு வயிற்றைத் திறக்கவேண்டியிருந்தது. பார்க்கும் கருவி அன்றைக்கு நோயைத் தடுக்கும் கருவியாகவும் ஆனது.

எவ்வளவு தடுக்கிறது என்பதில் மிகைப்படுத்தாமல் இருப்பது நல்லது. போலந்து, நார்வே, சுவீடன் மூன்றிலும் சுமார் 85,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் 10 வருடத்தில் பெருங்குடல் புற்று 18% குறைவு. அழைத்தவர்களில் வந்தவர்கள் 42% பேர்தான். அதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்கவேண்டும். இறப்பில் அந்த 10 வருடத்துக்குள் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

சுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கேயே ஒரு விஷயம். காளான் போல் தண்டோடு நிற்கும் பாலிப் கொஞ்சம் அழுக்கிலும் தெரிந்துவிடும். குடலின் வலது பக்கத்தில் வரும் தட்டையான ஒரு வகை அப்படியல்ல. சவ்வின் நிறத்திலேயே, சில மில்லிமீட்டர் உயரத்தில், சளிப் படலத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அதன்மேல் மெல்லிய மஞ்சள் கசடு படிந்திருந்தாலே போதும், மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் தெரியாது.

மாத்திரை விஷயம்: ஒரு வாரம் முன்பே

இரும்புச் சத்து மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரும்பு மலத்தைக் கறுப்பாக்கிப் பசைபோலச் சவ்வில் ஒட்டவைக்கும். எத்தனை லிட்டர் குடித்தாலும் அது லேசில் கழுவப்படாது. சத்து மாத்திரைகளிலும் இரும்பு இருக்கும், அட்டையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். இசப்கோல் போன்ற நார்ப் பொடியும் அப்போதே நிற்கவேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளில் சொந்த முடிவு கூடாது. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். பாலிப் எடுக்க வாய்ப்பிருந்தால் குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள், வார்ஃபாரினை 5 நாள், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்றவற்றை சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து ஒன்றிரண்டு நாளோ இன்னும் கொஞ்சமோ முன்பு நிறுத்துவது வழக்கம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாகவே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பாலிப்பில் கசியும் ரத்தத்தைவிட அது பல மடங்கு மோசம். அதனால் ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வாங்கி வரவேண்டும். வைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தால், அவசரமில்லாத கொலோனோஸ்கோபியையே தள்ளிப்போடுவார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்வதுதான் அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தவேண்டும். பட்டினியோடு சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை அளவு அதிகமாகத் தெரியாமலே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். வாந்தி, மூச்சு வாங்குதல், அசதி என்று தொடங்கும் அந்த நிலையை "பேதி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் தவறாக எடுத்துக்கொள்வார்கள். சர்க்கரையைக் கீழே இறக்கும் கிளிமிபிரைடு போன்றவையும் இன்சுலினும் முந்தின நாளே அளவு குறையவேண்டும், எவ்வளவு என்பதை மருத்துவர் எண்ணாகச் சொல்லவேண்டும். பேதி மருந்து குடிக்கும் இரவு 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பார்ப்பது நல்லது. 70க்குக் கீழே போனால் தண்ணீரில் 3 ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கலாம். அது தெளிந்த திரவம்தான், பரிசோதனை கெடாது. சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ செமாகுளூடைடு ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

ரத்த அழுத்த மாத்திரையைப் பரிசோதனை நாள் காலையில் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். சிறுநீர் அதிகம் போகவைக்கும் வகை இருந்தால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளவேண்டும். எந்த மாத்திரையானாலும் பேதி மருந்து குடிப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் போட்டால், உடம்பில் சேராமல் அடித்துக்கொண்டு போய்விடும்.

மூன்று நாள் தலைகீழ்ப் பத்தியம்

நாரில்லாத சாப்பாடு என்று தாளில் ஒரு வரி இருக்கும். நம் சமையலறையில் அதற்கு அர்த்தம், வழக்கமாக நல்லது என்று சொல்லும் எல்லாவற்றையும் ஒதுக்குவது. கீரை, முருங்கைக்காய், வாழைத்தண்டு, கேழ்வரகு, கம்பு, கைக்குத்தல் அரிசி, முழுக் கோதுமைச் சப்பாத்தி, சுண்டல், தோலோடு உள்ள பயறு, தேங்காய்ச் சட்னி எதுவும் வேண்டாம். விதையுள்ளவை இன்னும் மோசம்: தக்காளி, கத்தரி, வெண்டை, கொய்யா, மாதுளை. தாளிப்பில் வரும் கடுகு, சீரகம், கறிவேப்பிலையும், இட்லிப் பொடியில் இருக்கும் எள்ளும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. குழாயில் அழுக்கை உறிஞ்சும் துளையின் அகலம் ஏறத்தாழ 4 மி.மீ.தான். நாலைந்து விதை சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் உறிஞ்ச முடியாது. துளையைச் சுத்தம்செய்ய வேலையை நிறுத்தவேண்டியிருக்கும்.

மிஞ்சுவது என்ன? இட்லி, இடியாப்பம், தோசை, வெள்ளைச் சாதம், தயிர், மோர், வடிகட்டிய ரசம், தோலுரித்த உருளைக்கிழங்கு, முட்டை, வேகவைத்த மீன், தோலில்லாத கோழி, ரொட்டி. காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக வரும். மலச்சிக்கல் இல்லாதவருக்கு 2 நாள், இருப்பவருக்கு 3 நாள்.

முந்தின நாள் காலையிலும் பல இடங்களில் மதியமும் இந்த வகைச் சாப்பாடு கொஞ்சம் உண்டு. அதற்குப்பின் தெளிந்த திரவம் மட்டும். கஞ்சி, பால், பால் விட்ட டீ, மோர், ஹார்லிக்ஸ் எல்லாம் திரவம்தான், தெளிந்தது இல்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்கமுடியவேண்டும், அதுதான் அளவு. இளநீர், கடுங்காப்பி, பால் விடாத டீ, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் ஜூஸ், ஓ.ஆர்.எஸ். எல்லாம் தேறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர் ஆகாது, பொட்டாசியம் அதிகம். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் கூடாது: பீட்ரூட், கறுப்பு திராட்சை ஜூஸ், ரோஸ் சர்பத். திரையில் அவை ரத்தமாகத் தெரியும்.

இரண்டு லிட்டர்

இங்கே பரவலாகக் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். ஒரு பாக்கெட் 137.15 கிராம், அதில் 118 கிராம் அந்தப் பொருள், மீதி உப்புகள். அளந்த 2 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரையவிடவேண்டும். குடல் இதை உறிஞ்சிக்கொள்ளாது. உப்பின் அளவு உடம்பின் உப்புக்கு ஈடாக வைத்திருப்பதால், உடம்பிலிருந்து தண்ணீரை இழுப்பதும் இல்லை, உடம்புக்குள் விடுவதும் இல்லை. வாய்வழியாகப் போன 2 லிட்டர் அப்படியே குடலைக் கழுவிக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் இதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். "ரொம்ப இருக்கிறது" என்று ஒரே லிட்டரில் கரைத்தால் அந்தச் சமநிலை போய்விடும். சர்க்கரை, குளுக்கோஸ், ஜூஸ் எதையும் அதில் கலக்கக்கூடாது. ருசி பிடிக்காவிட்டால் இடையிடையே எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகை சல்பேட் கரைசல். 177 மி.லி. பாட்டில் இரண்டு. ஒவ்வொன்றையும் ஏறத்தாழ அரை லிட்டராகக் கலக்கிக் குடித்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் குடிக்கவேண்டும். மருந்து குறைவு என்று அந்தத் தண்ணீரை விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் தப்பு. இது உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்து வேலை செய்யும் மருந்து. ஈடுகட்டாவிட்டால் தலைசுற்றி விழ நேரும். முன்பு செல்வாக்காக இருந்த சோடியம் பாஸ்பேட்டைப் பற்றி 2008இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. பாஸ்பேட் படிகங்கள் சிறுநீரகத்தில் படிந்து நிரந்தரச் சேதம் செய்வது தெரியவந்திருந்தது. யாராவது எழுதிக்கொடுத்தால், குறிப்பாக வயதானவருக்கு, மாற்று கேட்கலாம்.

இனி முக்கியமான விஷயம். முழு மருந்தையும் முந்தின நாள் சாயங்காலமே குடித்து முடிப்பதா, பாதியை விடியற்காலைக்கு வைப்பதா? பாதி பாதியாகப் பிரிப்பதே மேல் என்பதில் இன்று வழிகாட்டு நெறிகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. காரணம் சிறுகுடல். நீங்கள் எதுவும் சாப்பிடாவிட்டாலும் பித்தமும் செரிமான நீரும் ராத்திரி முழுக்கச் சுரந்து, பெருங்குடலின் வலது ஓரத்தில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் கழுவிய குடல் காலை 10 மணிக்குள் மறுபடி மஞ்சள் பசை பூசிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன தட்டைப் பாலிப் வருவதும் அதே வலது பக்கம்தான். விடியற்காலைப் பாதி அந்தப் பசையைக் கழுவத்தான்.

காலை 10 மணிக்குப் பரிசோதனை என்றால் கணக்கு இப்படி: முதல் லிட்டர் முந்தின நாள் 6 மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள். இரண்டாவது லிட்டர் விடிகாலை 5 மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள். 8 மணிக்குமேல் ஒரு மடக்குத் தண்ணீரும் இல்லை. இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பு முடிக்கவேண்டும். இரைப்பையில் திரவம் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் நுரையீரலுக்குள் ஏறிவிடும் என்பதற்குத்தான் அந்த 2 மணி நேரம்.

பல தாள்களில் இன்னும் "மாலை 5 மணிக்கு 2 லிட்டரும்" என்று இருப்பதற்குப் பஸ்தான் முக்கால்வாசிக் காரணம். திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்கோ, ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கோ காலையில் புறப்படுபவரை ஐந்து மணிக்குக் குடி என்றால் வழியில் என்ன செய்வார்? நியாயமான பயம். அதற்கு வழி, மருந்தைச் சுருக்குவது இல்லை. முந்தின நாளே வந்து மருத்துவமனைக்கு அருகில் தங்கலாம், அல்லது மதியம் 2 மணிக்கு மேல் நேரம் கேட்டு, அன்று காலையிலேயே முழு மருந்தையும் அங்கே வந்து குடிக்கலாம். மதியப் பரிசோதனைக்கு அந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது.

குடிக்கும் வேகம் 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 250 மி.லி. ஃபிரிட்ஜில் குளிரவைத்தால் உப்புக் கரிப்பு குறையும். ஸ்ட்ராவை நாக்கின் பின்பக்கம் வைத்து உறிஞ்சினால் இன்னும் கொஞ்சம் தெரியாது. டம்ளருக்கு டம்ளர் வீட்டுக்குள் நடக்கவேண்டும்; படுத்துக்கொண்டால் வயிறு உப்பிக்கொண்டு குமட்டும். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடரலாம். வாந்திக்கு மாத்திரை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது நல்லது. முதல் மோஷன் சிலருக்கு முக்கால் மணியில் வரும், சிலருக்கு 3 மணி நேரம் ஆகும். வரவில்லையே என்று பயந்து கடையில் வேறு பேதி மாத்திரை வாங்கிப் போடவேண்டாம். ஆனால் வயிறு கல்லாக உப்பி, வலி ஏறிக்கொண்டே போய், மோஷனும் காற்றும் எதுவுமே போகவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். குடலில் அடைப்பு இருக்கலாம்.

சுத்தமாகிவிட்டதா என்பதைத் தடவைக் கணக்கில் பார்க்கமுடியாது. பத்துத் தடவை போயிற்று என்பார்கள், பத்தும் பழுப்பாக இருந்திருக்கும். முதலில் கெட்டியாக, பிறகு கலங்கல் பழுப்பாக, பிறகு துணுக்குகள் மிதக்கும் மஞ்சளாக, கடைசியில் சிறுநீரின் நிறத்தில், கோப்பையின் அடி தெரியும்படி வரவேண்டும். மஞ்சள் இருக்கலாம், கலங்கல் இருக்கக்கூடாது. முழு மருந்தும் குடித்துப் பழுப்பாகவே வந்தால் வீட்டிலிருந்தே போன் செய்து சொல்லவேண்டும். இன்னும் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ குடிக்கச் சொல்வார்கள். அங்கே போய் எனிமா எடுத்துக்கொள்ளலாம் என்பது தவறான நம்பிக்கை. எனிமா இடது பக்கக் கடைசிப் பகுதியைத்தான் கழுவும்.

சிலருக்கு வழக்கமான அளவு போதாது. நாள்பட்ட மலச்சிக்கல், பல வருடச் சர்க்கரை, பக்கவாதம், பார்க்கின்சன், டிரமடால் போன்ற வலி மாத்திரை, சில மன அழுத்த மாத்திரைகள், முந்தைய தடவை சுத்தமாகாமல் போனது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முன்பே சொல்லவேண்டும். பிசகோடில் என்ற பேதி மாத்திரை சேர்ப்பார்கள், அல்லது மொத்த அளவைக் கூட்டுவார்கள்.

எரிச்சலுக்கு: தண்ணீரில் கழுவும் நம் வழக்கம் இங்கே பெரிய உபகாரம். தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, முதல் மோஷனுக்கு முன்பிருந்தே வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தோல் புண்ணாகாது.

மேஜையில்

கையில் ஊசி, விரலில் ஆக்ஸிஜன் அளவுமானி, மூக்கில் ஆக்ஸிஜன். இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கவேண்டும். மிடசோலம் போன்ற ஊசியில் அரைத் தூக்கம். புரோபோஃபோல் என்றால் மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்க, முழுத் தூக்கம். மயக்கமே வேண்டாம் என்று விழித்திருந்து செய்துகொள்பவர்களும் உண்டு. பல் செட், நகை கழற்றுவதோடு, பேஸ்மேக்கர் இருந்தால் சொல்லிவிடவேண்டும். பாலிப் வெட்ட மின்சாரம் பயன்படலாம்.

முதலில் மருத்துவர் விரலால் சோதிப்பார், பிறகு குழாய். அதன் தடிமன் ஒரு விரல் அளவு, 11 முதல் 13 மி.மீ. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் இருந்தாலும், நேர்த்தியாகச் செய்தால் 70, 80 செ.மீ. குழாயிலேயே கடைசிவரை போய்விடலாம். பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது துணி சுருங்கிச் சுருங்கி நாடாமேல் ஏறுமே, அதே முறைதான்: கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து, குடலைக் குழாயின்மேல் மடித்துக்கொண்டே போகிறார்கள். வெறுமனே தள்ளினால் இடது கீழ்ப்பக்க வளைவில் குழாய் வளையமாகச் சுற்றிக்கொண்டு, குடலைத் தாங்கும் சவ்வை இழுக்கும். விழித்திருப்பவருக்கு வலிப்பது அந்த இழுப்புதான். நர்ஸ் வயிற்றை அழுத்துவதும் மல்லாக்கப் படுக்கச் சொல்வதும் அந்த வளையத்தை அவிழ்க்கத்தான். கருப்பை எடுத்தவர்களுக்கு உள்ளே ஒட்டல்கள் இருக்கலாம், அவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் கஷ்டம். குடலை விரிக்கச் சாதாரணக் காற்றுக்குப் பதில் கரியமில வாயு செலுத்தும் இடங்களில் பிறகு வரும் உப்புசம் குறைவு. உடம்பு அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும்.

வலது கோடியில் குடல்வால் துளையும் சிறுகுடல் வாய் வால்வும் தெரிந்தால்தான் பரிசோதனை முழுமை. அங்கே படம் எடுத்துவைப்பார்கள். காசநோய், கிரோன் நோய் (குடலில் நீடிக்கும் ஒரு அழற்சி நோய்) சந்தேகம் இருந்தால் வால்வைத் தாண்டிச் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பார்த்துச் சதை எடுக்கவேண்டும்.

உண்மையான தேடல் திரும்பி வரும்போதுதான். மடிப்புக்கு மடிப்புப் பின்னால் பார்த்து, கழுவி, உறிஞ்சிக்கொண்டு வரவேண்டும். திரும்பும் நேரம் 6 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்பது பழைய அளவு. 2024இல் அமெரிக்கச் சங்கங்கள் அதை 8 ஆக உயர்த்தின. மருத்துவருக்கு மருத்துவர் கண் எவ்வளவு மாறுகிறது என்பதை 2014இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஒரு மருத்துவர் அடினோமா என்ற, புற்றாக மாறக்கூடிய வகைப் பாலிப்பைக் கண்டுபிடிக்கும் விகிதம் 1% கூடினால், அவரிடம் பரிசோதித்தவர்களுக்குப் பின்னால் புற்று வரும் அபாயம் 3% குறைகிறது.

பாலிப் வெட்டுவது வலிக்காது. உள்சவ்வுக்கு வெட்டு தெரியும் நரம்பு இல்லை. 10 மி.மீ.க்குச் சின்னதைக் கம்பிச் சுருக்கால் மின்சாரமில்லாமலே அறுத்தெடுப்பார்கள். பெரியதற்கு அடியில் திரவம் ஏற்றிச் சவ்வைத் தூக்கி, மின்சாரத்தால் வெட்டுவார்கள். குடல் சுத்தம் செய்ய மானிடால் என்ற சர்க்கரை வகைக் கரைசலைக் குடித்திருந்தால் இங்கே ஆபத்து உண்டு: கிருமிகள் அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனை உண்டாக்கும், மின்பொறி பட்டால் வெடிக்கும். மானிடால் எழுதிக்கொடுக்கும் இடங்கள் இன்னும் உண்டு என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. ரத்தம் நிற்க உலோக கிளிப் போட்டிருந்தால், அது தானாக விழும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் மறக்காமல் சொல்லவேண்டும்.

பிறகு

ஒரு மணி நேரம் படுக்கை, பிறகு இட்லி, டீ. கூட ஒருவர் இல்லாவிட்டால் பல இடங்களில் மயக்கமே கொடுப்பதில்லை, அது சரிதான். தெளிவாகப் பேசுவீர்கள், ஆனால் மருத்துவர் சொன்னது எதுவும் மண்டையில் ஏறியிருக்காது. 24 மணி நேரத்துக்கு பைக் ஓட்டுவது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது இரண்டும் கூடாது. காற்று பிரியும்வரை வயிறு உப்பி இருக்கும், நடந்தால் சீக்கிரம் குறையும். அடுத்த இரண்டு மூன்று நாள் மோஷன் வராமல் இருக்கலாம். குடல் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆபத்து அபூர்வம். அறிகுறியில்லாதவர்களுக்குச் செய்த பரிசோதனைகளில் குடலில் ஓட்டை விழுவது 10,000க்குச் சுமார் 3, பெரிய ரத்தக்கசிவு சுமார் 15. பாலிப் எடுத்த இடத்தில் 2 வாரம் வரைகூட ரத்தம் வரலாம், ஆகவே அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. துடைக்கும்போது ஒரு கீற்று தெரிந்தால் பயமில்லை. கட்டிகட்டியாக ரத்தம், தார் நிறத்தில் மலம், தலைசுற்றல், காய்ச்சல், காற்று பிரிந்தும் குறையாத வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் போகவேண்டும்.

அறிக்கை வந்ததும் நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: குடல்வால் துளையின் படம், திரும்பிவர எடுத்த நேரம், பாலிப் இருந்தால் அதன் அளவு, இடம், எடுத்த முறை, சுத்தத்துக்கான மதிப்பெண். போஸ்டன் அளவுகோல் என்று எழுதியிருக்கும் அந்த மதிப்பெண்ணில் குடலின் வலது, நடு, இடது மூன்று பகுதிக்கும் தலா 3, மொத்தம் 9. ஒவ்வொன்றிலும் 2 இருக்கவேண்டும். மொத்தம் 6 வந்து, வலது பக்கம் மட்டும் 1 என்றால் தேறவில்லை.

அடுத்த பரிசோதனை எப்போது என்பதை இந்த மதிப்பெண்ணும், ஒரு வாரம் கழித்து வரும் சதைப் பரிசோதனை முடிவும் சேர்ந்து தீர்மானிக்கும். சராசரி அபாயம் உள்ளவருக்கு எதுவும் இல்லையென்றால் 10 வருடம். 10 மி.மீ.க்குக் கீழே ஒன்றிரண்டு சாதாரண அடினோமா என்றால் 7 முதல் 10 வருடம், மூன்று நாலு என்றால் 3 முதல் 5 வருடம்; 10 மி.மீ. அல்லது அதற்குமேல் ஒன்று இருந்தாலும் 3 வருடம். இவை 2020இல் அமெரிக்கச் சங்கங்கள் வகுத்த அளவுகள், இங்கும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறார்கள். அப்படிப் பெரிய அடினோமா இருந்தது என்றால் அறிக்கையின் நகலை உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவைக்கவேண்டும். அவர்கள் 40 வயதில் தொடங்கவேண்டுமா என்பதை அவர்களின் மருத்துவர் அதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.